தமிழ் ஜீன்னு ஒண்ணு இருக்கா? எல்லையோர மொழிகளும் டிஎன்ஏவும் பத்தி எளிமையா

போன மாசம் பெங்களூர் ஹலசூர்ல எங்க மாமா வீட்டு கிரகப்பிரவேசம். பந்தி முடிஞ்சு எல்லாரும் ஹால்ல ஃபேனுக்கு கீழ உக்காந்திருந்தப்ப மாமா ஃபோன எடுத்து ஒரு ரிப்போர்ட்ட காமிச்சாரு. அமெரிக்காவுல இருக்கற அவர் பையன் சின்ன குப்பியில எச்சில் துப்பி அனுப்பி டிஎன்ஏ டெஸ்ட் பண்ணிருக்கான், அதுல தென்னிந்தியான்னு ஒரு பெரிய பர்சென்ட் போட்டு வந்திருக்கு, மாமாவுக்கு அவ்ளோ சந்தோஷம். "பாத்தியா, நம்ம ரத்தத்துலயே தமிழ் இருக்கு"ன்னாரு. பக்கத்துல ஓசூர்லேர்ந்து வந்திருந்த அவரோட சம்பந்தி, அவங்க வீட்ல தலைமுறை தலைமுறையா தெலுங்கு தான், "அப்போ எங்க ரத்தத்துல தெலுங்கா? நாங்க ஓசூர தாண்டி எங்கயும் போனதில்லீங்களே"ன்னு கேட்டாரு. கோலார் தங்கவயல்லேர்ந்து வந்திருந்த அத்தை, "நாங்க நூறு வருஷமா கர்நாடகாவுல இருக்கோம், எங்களுக்கு கன்னட ஜீன் வந்திருக்குமா?"ன்னாங்க. அப்புறம் எல்லாரும் என்ன பாத்தாங்க. "ஏம்மா, நீ பயாலஜி டீச்சர் தானே, நீயே சொல்லு."

கேட்ட மூணு பேருமே நல்ல கேள்வி தான் கேட்டாங்க. ஆனா பதில பாயசம் ஆறுறதுக்குள்ள சொல்ல முடியாது, அதனால இங்க நிதானமா எழுதறேன். சின்ன மொழி பேசற கூட்டம், அதுவும் எல்லையோரத்துல இருக்கற கூட்டம்னா அவங்க ஜீனும் தனியா தான் இருக்கும்னு பலபேர் நெனைக்கறாங்க. சில இடத்துல அது உண்மை, சில இடத்துல அப்படியே தலைகீழ். ஏன் இப்படி ரெண்டு விதமா இருக்குங்கறது தான் விஷயமே.

ஜீன் குடுக்கறது ரெண்டு பேரு, மொழி குடுக்கறது தெருவே

முதல்ல டிஎன்ஏன்னா என்னன்னு ஒரே வரியில சொல்லிடறேன். நம்ம உடம்போட ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் சுருட்டி வெச்சிருக்கற ஒரு நீளமான எழுத்து வரிசை அது, மொத்தம் சுமார் 300 கோடி எழுத்து. அதுல ஒரு வேலைக்கான குறிப்பு இருக்கற ஒரு துண்டு தான் ஜீன். உலகத்துல எந்த ரெண்டு பேர எடுத்தாலும் இந்த எழுத்துல சுமார் 99.9 சதவீதம் ஒண்ணா தான் இருக்கும், மிச்சம் இருக்கற துளியூண்டு வித்தியாசத்த வெச்சு தான் இந்த ஆராய்ச்சி எல்லாம்.

இந்த எழுத்து நமக்கு ரெண்டே பேர்கிட்டேர்ந்து தான் வரும், பாதி அம்மா, பாதி அப்பா. பக்கத்து வீட்டு ஆன்ட்டி எவ்ளோ பாசமா வளத்தாலும் அவங்க ஜீன் ஒரு எழுத்து கூட நமக்கு வராது. மொழி அப்படி இல்ல. சிவாஜிநகர்ல வளர்ற ஒரு பையன பாருங்க, வீட்ல தமிழ், கீழ வண்டி ரிப்பேர் கடையில தக்னி உருது, ஸ்கூல்ல கன்னடமும் இங்கிலீஷும், மார்க்கெட்ல தெலுங்கு கூட கொஞ்சம் வந்துரும். எட்டு வயசுல நாலு மொழி பேசறான், அதுல அம்மா அப்பா குடுத்தது ஒண்ணு தான், மிச்சத்த தெரு குடுத்துச்சு. தமிழ் பேசற வீட்ல பொறந்த குழந்தைய தூக்கிட்டு போய் தார்வாட்ல ஒரு கன்னட வீட்ல வளத்தா அது சுத்தமான தார்வாட் கன்னடம் தான் பேசும், தொண்டையில எங்கயும் தமிழ் ஒளிஞ்சிருக்காது.

அதனால தமிழ் ஜீன், தெலுங்கு ஜீன், கன்னட ஜீன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. மாமாவுக்கு இத அன்னிக்கே சொல்லிட்டேன். ஆனா அதோட கதை முடியல, ஏன்னா மொழிக்கும் ஜீனுக்கும் நேர் தொடர்பு இல்லாட்டியும் சுத்து வழியா ஒரு தொடர்பு இருக்கு, அந்த சுத்து வழி பேரு கல்யாணம்.

மிக்சர் டின்ன நெனச்சுக்கோங்க

கடையில பெரிய டின் நெறைய மிக்சர் இருக்கு. ஓமப்பொடி, காராபூந்தி, வேர்க்கடலை, பொட்டுக்கடலை, கறிவேப்பிலை, அங்கங்க முந்திரி. அதுலேர்ந்து பத்து வீட்டுக்காரங்க ஆளுக்கு ஒரு கைப்பிடி அள்ளிட்டு போறாங்கன்னு வெச்சுக்குவோம். ஒருத்தர் கையில கடலையா வந்து விழும், முந்திரி ஒண்ணு கூட இருக்காது. இன்னொருத்தருக்கு அதிர்ஷ்டம், நாலு முந்திரி. யாரும் பாத்து பொறுக்கல, அள்ளுன விதத்துல தற்செயலா அப்படி வந்துச்சு.

இப்ப ஒரு கற்பன. அந்த ஒவ்வொரு கைப்பிடியும் தன்கிட்ட இருக்கறத வெச்சே பெருகி ஒரு புது டின்னா ஆகுதுன்னு வெச்சுக்கோங்க. முந்திரி வராத வீட்டு டின்ல எத்தன வருஷம் ஆனாலும் முந்திரி வராது. நாலு முந்திரி வந்த வீட்ல டின் முழுக்க முந்திரி மணக்கும்.

இதுல ரெண்டு விஷயம் கவனிக்கணும், இந்த ரெண்ட குழப்பிக்கறதால தான் நெட்ல பாதி சண்டை. ஒண்ணு, ஒவ்வொரு வீட்டு டின்னுக்குள்ளயும் கடை டின்ன விட ரகம் கம்மி. ரெண்டு, ஒரு வீட்டு டின்னுக்கும் இன்னொரு வீட்டு டின்னுக்கும் நடுவுல வித்தியாசம் ஜாஸ்தி. ஜெனடிக் டைவர்சிட்டி, அதாவது மரபணுப் பன்முகத்தன்மைன்னு சொல்றப்ப, ஒரு கூட்டத்துக்கு உள்ள இருக்கற ரகத்த சொல்றோமா, கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவுல இருக்கற தூரத்த சொல்றோமான்னு மொதல்ல கேட்டுக்கணும். "சின்ன மொழி பேசறவங்ககிட்ட ஜெனடிக் டைவர்சிட்டி அதிகம்"னு ஒரு செய்தி வந்தா, பெரும்பாலும் அந்த சின்ன கூட்டங்கள் ஒண்ணுக்கொண்ணு ரொம்ப தள்ளி நிக்குதுன்னு தான் அர்த்தம். அந்த ஊருக்குள்ள இருக்கறவங்க ஒருத்தர ஒருத்தர் ரொம்பவே ஒத்து இருப்பாங்க.

இந்த கைப்பிடி விஷயத்துக்கு பேரு ஃபவுண்டர் எஃபெக்ட், ஒரு ஊர ஆரம்பிச்ச கொஞ்ச பேரோட ஜீன் தான் பின்னாடி வர்ற எல்லாருக்கும்ங்கறது. அதுக்கப்புறமும் சின்ன கூட்டத்துல ஒவ்வொரு தலைமுறையிலயும் தற்செயலா சில ரகம் அழிஞ்சு போகும், சில ரகம் பெருகும், ஒருத்தருக்கு ஏழு பிள்ளை, இன்னொருத்தருக்கு பிள்ளையே இல்ல, அந்த மாதிரி. இதுக்கு பேரு ஜெனடிக் ட்ரிஃப்ட். கூட்டம் எவ்ளோ சின்னதோ ட்ரிஃப்ட் அவ்ளோ வேகம்.

இங்க ஒரு எச்சரிக்கை. 1972ல ரிச்சர்ட் லெவான்டின்ங்கற மரபியல் விஞ்ஞானி கணக்கு போட்டு காமிச்சது இன்னிக்கும் நிக்குது. மனுஷங்களுக்கு நடுவுல இருக்கற மொத்த ஜீன் வித்தியாசத்துல சுமார் 85 சதவீதம் ஒரே கூட்டத்துக்குள்ளயே இருக்கு, மிச்சம் தான் கூட்டத்துக்கு கூட்டம் மாறுறது. ஆக நாம பேசிட்டு இருக்கறது அந்த மிச்சத்த பத்தி.

இதுவரைக்கும் சொன்னது இவ்ளோ தான். மொழி ஜீன்ல இல்ல. சின்ன கூட்டம் தனியா பிரிஞ்சு பெருகினா உள்ள ரகம் கொறையும், வெளியில இருக்கறவங்களோட வித்தியாசம் ஏறும். அந்த கூட்டத்த யாரு பிரிச்சு வெக்கறாங்க, அத இனிமே பாக்கணும்.

வேலி எது?

ரெண்டு டின்னுக்கு நடுவுல அப்பப்ப ஒரு கரண்டி மாத்திக்கிட்டே இருந்தா கொஞ்ச நாள்ல ரெண்டும் ஒரே மாதிரி ஆயிரும். ஒரு ஊர் பொண்ணு இன்னொரு ஊருக்கு வாழ்க்கப்பட்டு போறப்ப நடக்கறது இந்த கரண்டி தான், இதுக்கு ஜீன் ஃப்ளோன்னு பேரு. பத்து தலைமுறையா பொண்ணு குடுத்து பொண்ணு எடுத்துட்டு இருக்கற ரெண்டு ஊர ஜீன வெச்சு பிரிக்கறது ரொம்ப கஷ்டம், அவங்க எந்த மொழி பேசினாலும் சரி.

அந்த கரண்டிய தடுக்கறது என்னென்ன? தூரம், மலை, ஆறு, மதம், ஜாதி, அப்புறம் மொழி. பேச்சு புரியாத வீட்டுக்கு பொண்ண குடுக்க யாருக்கும் தயக்கம் இருக்கும், மாமியாரோட சண்டை போடறதுக்கு கூட ஒரு மொழி வேணும் இல்லியா. அதனால மொழி எல்லை சில இடத்துல கல்யாண எல்லையாவும் ஆகுது. 1990ல பார்புஜானி, சோகல்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஐரோப்பா மேப்ல ஜீன் அளவுகள் சட்டுனு மாறுற இடங்கள தேடினாங்க. 33 எல்லைக்கோடு கெடச்சுது, அதுல 31 மொழி எல்லையோட ஒத்துப்போச்சு.

அப்போ மொழி தான் காரணம்னு உடனே முடிவு பண்ணிட கூடாது. பெங்களூர்ல மழை பேஞ்சு ஒரு அண்டர்பாஸ்ல தண்ணி நின்னுச்சுன்னா அந்த பக்கத்து லேஅவுட்டுக்கு காலையில பால் வண்டியும் வராது, பேப்பரும் வராது. பால் வராததால பேப்பர் வரலன்னு யாராவது சொல்வோமா? ரெண்டையும் நிறுத்துனது ஒரே தண்ணி. அதே மாதிரி ஒரு மலை ரெண்டு ஊருக்கு நடுவுல நின்னா பேச்சும் தனித்தனியா வளரும், ஜீனும் தனித்தனியா போகும். அந்த 33 கோட்டுலயும் நெறைய இடத்துல மலையோ கடலோ கூடவே இருந்துச்சு. மலை எதுவும் இல்லாம மொழி மட்டும் தடுத்த இடமும் இருந்துச்சு. எந்த இடத்துல எதுன்னு ஒவ்வொண்ணா போய் பாக்கறத தவிர குறுக்கு வழி இல்ல.

ஆல்ப்ஸ் மலையில மூணு ஊரு

இந்த விஷயத்துக்கு எனக்கு ரொம்ப புடிச்ச உதாரணம் இத்தாலியோட வடகிழக்கு மூலையில, ஆஸ்திரியா எல்லையோரமா இருக்கற மூணு சின்ன ஊரு. சப்பாடா, சௌரிஸ், டிமாவ். சுத்தி இத்தாலியனும் ஃப்ரியூலியன்ங்கற வட்டார மொழியும் பேசறாங்க, இந்த மூணு ஊர்ல மட்டும் பழைய பவேரிய ஜெர்மன் வழக்கு. சுமார் 700, 800 வருஷத்துக்கு முன்னாடி மலைக்கு அந்த பக்கத்துலேர்ந்து கொஞ்சம் குடும்பங்கள் வந்து குடியேறி, அப்படியே அந்த பேச்ச வெச்சுக்கிட்டாங்க. சப்பாடாவும் சௌரிஸும் 1,200 மீட்டர் உயரத்துக்கு மேல இருக்கு, பழைய காலத்துல பனிக்காலம் வந்தா பாதை மூடிக்கும்.

நீங்க யூகிச்சிருப்பீங்க, இத்தாலியன் பேசற பக்கத்து ஊர்களோட இவங்க ஜீன் வித்தியாசமா இருக்கும்னு. ஆமா, இருக்கு. ஆனா ரோம்ல இருக்கற சபியென்சா பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் ஜோவன்னி டெஸ்த்ரோ பிசோலோட சேந்து பாத்தப்ப அத விட பெரிய ஒரு விஷயம் தெரிஞ்சுது. இந்த ஜெர்மன் வழக்கு பேசற ஊர்களே ஒண்ணுக்கொண்ணு ரொம்ப தள்ளி நிக்குது. சப்பாடாவுக்கும் சௌரிஸுக்கும் நடுவுல நேர் தூரம் ரொம்ப கம்மி, ரெண்டு ஊர் பேச்சும் ஒரே குடும்பம், வந்த திசையும் ஒண்ணு. அப்படி இருந்தும் இவங்களுக்குள்ள இருக்கற ஜீன் தூரம் ஐரோப்பாவோட ரெண்டு கோடியில இருக்கற பெரிய நாட்டு மக்களுக்குள்ள இருக்கறத விட பல மடங்கு ஜாஸ்தி.

இத படிச்சப்ப நான் அப்படியே நிமிர்ந்து உக்காந்தேன். ஏன்னா மொழி தான் வேலின்னா, ஒரே மொழிக்காரங்க தங்களுக்குள்ள பொண்ணு குடுத்து எடுத்திருக்கணும், மூணு ஊரும் ஒரே டின்னா இருந்திருக்கணும். அப்படி நடக்கல. அந்த மக்களுக்கு "நாம ஜெர்மன் பேசறவங்க"ங்கற எண்ணத்த விட "நாம சப்பாடாக்காரங்க", "நாம சௌரிஸ்காரங்க"ங்கற எண்ணம் பலமா இருந்திருக்கு, கல்யாணம் ஊருக்குள்ளயே முடிஞ்சிருக்கு. இத்தாலியன் பக்கம் போகாம தடுத்ததுல மொழிக்கு பங்கு உண்டு, மலைக்கும் பங்கு உண்டு, ஆனா உள்ளுக்குள்ள ஒரு மூணாவது வேலி, ஊர் வேலி, அது தான் எல்லாத்தையும் விட உயரம். நம்ம கிராமத்துல பெரியவங்க "அந்த ஊர்ல பொண்ணு எடுக்க மாட்டோம்"னு காரணமே சொல்லாம சொல்வாங்களே, அதே தான்.

பிரிட்டன்லயும் இதே மாதிரி ஒண்ணு வந்துச்சு. 2015ல வெளிவந்த ஒரு ஆராய்ச்சியில 2,039 பேரோட டிஎன்ஏவ பாத்தாங்க, எல்லாருமே தாத்தா பாட்டி நாலு பேரும் பக்கத்து பக்கத்துல, 80 கிலோமீட்டருக்குள்ள பொறந்தவங்க. கெல்டிக் மொழி பேசின பகுதிகள், வேல்ஸ், கார்ன்வால், ஸ்காட்லாந்து எல்லாம் ஒரே குழுவா வரும்னு எல்லாரும் எதிர்பாத்தாங்க. வரல. ஒவ்வொண்ணும் தனித்தனி. ஆனா கார்ன்வாலுக்கும் பக்கத்து டெவனுக்கும் நடுவுல ஜீன் மாறுற கோடு இன்னிக்கு இருக்கற மாவட்ட எல்லையோட கிட்டத்தட்ட ஒட்டி போச்சு.

பேச்சு மாறும், ஜீன் மாறாது. ஜீன் கலக்கும், பேச்சு நிக்கும்

இப்ப தலைகீழ் கேஸ். பாகிஸ்தான்ல பலுசிஸ்தான், ஆப்கான் எல்லைப் பக்கம், அங்க பிராகுயின்னு ஒரு மொழி. நம்ம தமிழோட தூரத்து சொந்தம், திராவிட மொழிக் குடும்பம், தென்னிந்தியாவுலேர்ந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி தனியா நிக்குது. தமிழ் வாட்ஸ்அப் குரூப்ல இத வெச்சு நிறைய ஃபார்வர்ட் வரும், "அவங்க நம்ம ரத்தம்"னு. அந்த பாசம் எனக்கும் புரியுது, நானும் மொதல்ல கேள்விப்பட்டப்ப அப்படி தான் சிலிர்த்தேன். ஆனா ஜீன் பாத்தா பிராகுயி மக்கள் பக்கத்துல இருக்கற பலூச்சிகளோட தான் ஒத்துப்போறாங்க. அந்த மொழி அங்கயே பழங்காலத்துலேர்ந்து மிச்சமிருந்துச்சா, இல்ல பின்னாடி போய் சேந்துச்சாங்கறதுல அறிஞர்களுக்குள்ள ரெண்டு கருத்து உண்டு. எப்படி இருந்தாலும் பேச்சு நின்னுச்சு, கல்யாணம் பக்கத்து வீட்டோட நடந்துச்சு.

ஹங்கேரியும் அதே கதை தான். 9ம் நூற்றாண்டு கடைசியில குதிரையில வந்த மாஜர் கூட்டம் அந்த நாட்ட புடிச்சுது, அவங்க மொழி நின்னுடுச்சு, அந்த மொழியோட நெருங்குன சொந்தம் ரஷ்யாவுல யூரல் மலைக்கு அந்தப்பக்கம் இருக்கு. ஆனா இன்னிக்கு ஹங்கேரிக்காரங்களோட ஜீன் பெரும்பாலும் பக்கத்து நாட்டுக்காரங்க மாதிரியே தான். வந்த கூட்டம் சின்னது, அங்க இருந்த ஜனம் பெருசு, ஆண்டவங்க மொழிய மத்தவங்க எடுத்துக்கிட்டாங்க.

இதுக்கு நேர் எதிரா நம்ம கர்நாடகாவுலயே ஒரு கூட்டம் இருக்கு. உத்தர கன்னடாவுல எல்லாப்பூர், ஹலியால் காட்டுப்பக்கம் போனா சித்தி மக்கள பாக்கலாம். ஆப்பிரிக்காவுலேர்ந்து போர்ச்சுகீசியர்கள் காலத்துல கொண்டுவரப்பட்டவங்களோட வம்சம். இன்னிக்கு அவங்க பேசறது கொங்கணியும் கன்னடமும், ஆப்பிரிக்க மொழி போயிடுச்சு. 2011ல ஹைதராபாத்ல இருக்கற சிசிஎம்பிங்கற உயிரியல் ஆராய்ச்சி மையத்து ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட முடிவுல அவங்க ஜீன்ல பெரும்பகுதி ஆப்பிரிக்காது, கூடவே இந்தியக் கலப்பும் உண்டு. கொங்கணி பேசறதால அவங்களுக்கு கொங்கணி ஜீன் வந்துடல. அத்தை கேட்டதுக்கு பதில் இங்கயே இருக்கு.

பாகிஸ்தானோட வடக்கு மூலையில ஆப்கான் எல்லைய ஒட்டி காலாஷ் மக்கள், சில ஆயிரம் பேர் தான். வெளுத்த கண்ண பாத்துட்டு அலெக்சாந்தர் படையோட வாரிசுன்னு கதை கட்டிட்டாங்க, டிஎன்ஏ அத ஆதரிக்கல. அவங்க தனியா தெரியறதுக்கு காரணம் நம்ம மிக்சர் கைப்பிடி தான், சின்ன கூட்டம், ரொம்ப காலம் தனிமை, ட்ரிஃப்ட்.

ஜூரிக் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2022ல உலகம் முழுக்க சுமார் 300 மொழி பேசறவங்கள வெச்சு கணக்கு பாத்தாங்க. கிட்டத்தட்ட அஞ்சுல நாலு இடத்துல மொழி உறவும் ஜீன் உறவும் ஒத்துப்போகுது, அஞ்சுல ஒண்ணு ஒத்துப்போகல. ஒத்துப்போற நாலையும் பாத்து மொழி ரத்தத்துல இருக்குங்கறவங்க இருக்காங்க, ஒத்துப்போகாத ஒண்ண பாத்து தொடர்பே இல்லங்கறவங்களும் இருக்காங்க. ரெண்டுமே அவசரம்.

அம்மா வழி, அப்பா வழி

ஒரு சின்ன உபகதை, ஆனா முக்கியம். டிஎன்ஏல ரெண்டு துண்டு மட்டும் கலக்காம வரும். மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ, 16,569 எழுத்து, இது அம்மாகிட்டேர்ந்து மட்டும். ஒய் குரோமோசோம், இது அப்பாகிட்டேர்ந்து பையனுக்கு மட்டும். பத்து தலைமுறை மேல போனா நமக்கு 1,024 முன்னோர் இடம் இருக்கு, இந்த ரெண்டு துண்டும் அதுல ஆளுக்கு ஒருத்தர பத்தி தான் சொல்லும், அதுக்கு மேல இல்ல.

ஜார்க்கண்ட், ஒடிசா பக்கம் சந்தாலி, முண்டாரி, ஹோ எல்லாம் பேசறாங்களே, அந்த மொழிக்குடும்பத்தோட சொந்தம் வியட்நாம், கம்போடியா பக்கம் இருக்கு. அவங்கள்ல ஆண்களோட ஒய் குரோமோசோம் பாத்தா பெரும்பாலும் தென்கிழக்கு ஆசியா வழி, மைட்டோகாண்ட்ரியா பாத்தா கிட்டத்தட்ட முழுக்க இந்தியா. அதாவது வந்தவங்க பெரும்பாலும் ஆண்கள், கல்யாணம் பண்ணிக்கிட்டது இங்க இருந்த பொண்ணுங்கள, மொழி அப்பா பக்கத்துது நின்னுச்சு. அதே குடும்பத்து மொழி பேசற காசி மக்கள், மேகாலயாவுல வங்கதேச எல்லைய ஒட்டி, அங்க சொத்து கடைசி பொண்ணுக்கு, குலப்பேரு அம்மா வழி. அவங்ககிட்ட அம்மா வழி டிஎன்ஏலயும் கிழக்காசிய பங்கு கணிசமா இருக்கு. மொழி ஒரே குடும்பம் தான், ஆனா யாரு யாரு வீட்டுக்கு போய் வாழ்ந்தாங்கங்கறது வேற, அது ஜீன்ல பதிஞ்சிருக்கு.

சுருக்கமா, மொழி நிக்கறதும் மாறுறதும் அதிகாரம், பள்ளிக்கூடம், வேலை, தெருன்னு பல காரணத்துல நடக்கும். ஜீன் கலக்கறதுக்கு ஒரே வழி குழந்தை பொறக்கறது. ரெண்டும் ஒரே வேலிக்குள்ள மாட்டினா ஒத்துப்போகும், இல்லன்னா ஆளுக்கொரு பக்கம் போகும்.

நம்ம எல்லை எப்படி?

ஓசூர் சம்பந்திக்கு வர்றேன். அத்திபெலேல இன்னிக்கு நாம பாக்கற மாநில எல்லை பழைய மைசூர் சமஸ்தானத்துக்கும் மெட்ராஸ் மாகாணத்துக்கும் நடுவுல இருந்த கோடு, 1956ல மாநிலங்கள மொழிவாரியா பிரிச்சப்பவும் அங்கயே நின்னுச்சு. அந்த கோட்டுக்கு ரெண்டு பக்கமும் தெலுங்கு, கன்னடம், தமிழ் மூணும் அதுக்கு எவ்ளோ முன்னாடிலேர்ந்தோ பேசிட்டு இருக்காங்க. மேப்ல கோடு போட்டதால யாரோட டிஎன்ஏவும் மாறல. அவர் குடும்பம் அந்த ஊரோடது, அவங்க பேச்சு தெலுங்கு, ரெண்டும் சேந்தே உண்மை.

ஆனா நம்ம ஊர்ல மொழிய விட உயரமான வேலி ஒண்ணு இருக்கு, எல்லாருக்கும் தெரிஞ்சது தான், ஜாதி. தன் கூட்டத்துக்குள்ளயே கல்யாணம் பண்ணிக்கறதுக்கு அகமணம்னு பேரு. டேவிட் ரைக், லால்ஜி சிங், தங்கராஜ்ங்கற மரபியல் விஞ்ஞானிகளோட குழுக்கள் 2009லேர்ந்து பண்ண ஆராய்ச்சிகள்ல தெரிஞ்சது, இன்னிக்கு இந்தியாவுல இருக்கற பெரும்பாலான கூட்டங்கள் ரெண்டு பழைய மக்கள்தொகையோட வெவ்வேறு அளவு கலவை. அந்த கலப்பு சுமார் 4,200லேர்ந்து 1,900 வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும் பரவலா நடந்திருக்கு, அப்புறம் நின்னுடுச்சு. அதாவது ஒரு காலத்துல எல்லாரும் எல்லாரோடயும் கலந்தாங்க, பின்னாடி வேலி போட்டாங்க. எனக்கு இது வெறும் புள்ளிவிவரமா தெரியல, மனசு கனக்கற விஷயம் இது.

அந்த வேலியோட விளைவு இன்னிக்கு ஆஸ்பத்திரியில தெரியுது. 2017ல தெற்காசியாவுல 263 கூட்டங்கள ஆராய்ஞ்சப்ப 81 கூட்டத்துல ஃபவுண்டர் எஃபெக்ட் ஃபின்லாந்துக்காரங்கள விட பலமா இருந்துச்சு. ஃபின்லாந்துல இந்த கைப்பிடி விஷயத்தால மத்த இடத்துல அபூர்வமான 36 பரம்பரை நோய் அடையாளம் கண்டிருக்காங்க, அப்போ நம்ம நெலமைய யோசிங்க. அந்த 81ல சிலது பத்து லட்சம் பேருக்கு மேல இருக்கற கூட்டம், இன்னிக்கு பெருசா இருந்தாலும் ஆரம்பம் சின்ன கைப்பிடி. ஆரிய வைசியர் சமூகத்துல சிலருக்கு ஆபரேஷன் நேரத்துல தசைய தளர்த்த குடுக்கற ஒரு மருந்த உடைக்கற என்சைம் குறைவா இருக்கும், மயக்க மருந்து டாக்டர்களுக்கு இது ரொம்ப நாளா தெரியும், முன்கூட்டியே சொல்லிட்டா வேற மருந்து குடுத்து பாத்துக்கலாம்.

இங்க ஒரு தப்பு எண்ணத்த உடைக்கணும். "நாங்க சொந்தத்துல கட்டல, வெளியில தான் கட்டினோம், எங்களுக்கு பிரச்சனை இல்ல"ன்னு சொல்வாங்க. மாமா பொண்ணு, அக்கா பொண்ணுன்னு கட்டறது ஒரு ரிஸ்க், அது உண்மை. ஆனா வெளியிலன்னு நெனச்சு கட்டற வரனும் அதே சின்ன கைப்பிடியிலேர்ந்து வந்தவங்களா இருந்தா, ரெண்டு பேருக்கும் பல தலைமுறை முன்னாடி ஒரே தாத்தா இருப்பாரு, அதே மறைஞ்ச குறை ரெண்டு பக்கமும் இருக்கலாம். ஜாதகத்துல கோத்திரம் பாக்கறதால இது போயிடாது. குடும்பத்துல ஏற்கனவே பரம்பரை நோய் இருந்தா கல்யாணத்துக்கு முன்னாடி ஜெனடிக் கவுன்சிலிங் போறது நல்லது, பெங்களூர்ல இப்ப பெரிய ஆஸ்பத்திரி பலதுல அதுக்கு ஆள் இருக்காங்க.

அப்ப அந்த ரிப்போர்ட்ல வந்தது என்ன?

மாமாவோட கேள்வி. எச்சில்லேர்ந்து எடுத்த டிஎன்ஏல "தமிழ்"னு எங்கயும் எழுதி இருக்காது. கம்பெனிக்காரங்ககிட்ட ஏற்கனவே ஒரு கூட்டத்தோட டிஎன்ஏ இருக்கும், இத ரெஃபரன்ஸ் பேனல்னு சொல்வாங்க, நம்மோடது அதுல யாரோட அதிகமா ஒத்துப்போகுதுன்னு பாத்து ஒரு பேரு ஒட்டறாங்க. பேனல்ல யாரு இருக்காங்களோ அத பொறுத்து தான் பதில். உதாரணத்துக்கு 1000 ஜீனோம்ஸ்னு 2015ல முடிஞ்ச ஒரு பெரிய பொதுத் திட்டம், 26 கூட்டம், 2,504 பேர், உலகம் முழுக்க விஞ்ஞானிங்க பயன்படுத்தறது. அதுல தமிழ்னு இருக்கறவங்க யார் தெரியுமா, பிரிட்டன்ல வாழற இலங்கைத் தமிழர்கள், நூறு பேர் சுமாருக்கு. தெலுங்குன்னு இருக்கறவங்களும் பிரிட்டன்ல வாழற தெலுங்குக்காரங்க. குடியாத்தமோ ஓசூரோ தங்கவயலோ அதுல தனியா இல்ல. அதனால பர்சென்ட்ட பாத்து சந்தோஷப்படலாம், ஆனா அது நம்ம தாத்தா பேசின மொழிக்கு சாட்சி கிடையாது.

இத சொன்னதும் மாமா முகம் கொஞ்சம் வாடுச்சு. நான் சொன்னேன், "மாமா, ஆராய்ச்சிக்காரங்க டிஎன்ஏ எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேப்பாங்க, உங்க தாத்தா பாட்டி நாலு பேரும் எங்க பொறந்தாங்க, என்ன பேசினாங்கன்னு. அத நாமளும் எழுதி பாப்போமா?" கிரகப்பிரவேச பத்திரிக்கையோட பின்பக்கத்துல கட்டம் போட்டோம். ஓசூர்க்காரர் நிமிஷத்துல முடிச்சாரு, நாலு பேரும் பதினஞ்சு கிலோமீட்டருக்குள்ள, நாலும் தெலுங்கு. மாமாவுக்கு மூணு வேலூர் பக்கம், ஒண்ணு தர்மபுரி.

தங்கவயல் அத்தைக்கு தான் நேரம் ஆச்சு. சுரங்கத்துல வேலை கெடைக்கும்னு வட ஆற்காடு, சித்தூர், சேலம்னு பல பக்கத்துலேர்ந்து ஜனம் வந்து குவிஞ்ச ஊரு அது, 2001ல சுரங்கத்த மூடற வரைக்கும் லைன் வீட்ல தமிழும் தெலுங்கும் ஒரே சுவர பகிர்ந்துகிட்டு இருந்துச்சு. அப்பா வழி தாத்தா பாட்டி குடியாத்தம், தமிழ். அம்மா வழி தாத்தாவும் அங்க தான். அம்மா வழி பாட்டின்னதும் அத்தை நிறுத்திட்டாங்க. சித்தூர் பக்கம் ஏதோ கிராமம்னு ஞாபகம், ஊர் பேரு வரல. "தமிழ் தானே பேசுவாங்க?"ன்னு மாமா கேட்டாரு. "எங்ககிட்ட எல்லாம் தமிழ் தான்"னாங்க அத்தை. கொஞ்ச நேரம் கழிச்சு, "ஆனா ராத்திரி இருமல் வந்தா மட்டும் நீள்ளு நீள்ளுன்னு கேப்பாங்க, நாங்க சின்ன பசங்க சொம்புல தண்ணி எடுத்துட்டு ஓடுவோம், அது தெலுங்குன்னு எனக்கு இப்ப தான் தோணுது"ன்னாங்க. அத்தைக்கு எழுபத்தி ரெண்டு வயசு.

நாலாவது கட்டத்துல மொழின்னு என்ன எழுதறதுன்னு மாமா பேனாவ புடிச்சுகிட்டு கேட்டாரு. ரெண்டையும் எழுதுங்கன்னாங்க அத்தை.